இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு லாபம் என்று நினைத்தேன்

கார் இடிபட்ட அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. உண்மை அதுதான். இடித்தவர் 2,000 ரூபாய் கொடுத்திருந்தார். என் பாலிசியில் போட்டிருந்த பிடித்தம், அதாவது க்ளைமில் என் பங்காகக் கம்பெனி கழித்துக்கொள்ளும் தொகை, 1,000 ரூபாய்தான். மிச்சம் ஆயிரம் லாபம் என்று தம்பியிடம் போனில் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். பதினெட்டு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது, ஒர்க்‌ஷாப் கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, "மேடம், உங்க பங்கு 9,520" என்றாள்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில். ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்குப் பழகிய பாதை. முள்ளோடையில் மாநில எல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: விலை குறைவு என்று பெட்ரோலுக்கும் மற்றதுக்கும் கடலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம், வாரக்கடைசிக்கு ஊர் திரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் டவுன் பஸ்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஆறே முக்கால் இருக்கும். கிருமாம்பாக்கம் தாண்டியதும் முன்னால் போன பஸ் கை காட்டியவருக்காகச் சட்டென்று நின்றது. நானும் நின்றுவிட்டேன். பஸ்ஸுக்கும் எனக்கும் இடையில் ஒரு ஸ்கூட்டர் நுழையுமளவு இடம்கூட இருந்தது. பின்னால் வந்தவருக்குத்தான் அந்த இடம் இல்லாமல் போய்விட்டது. பெரிய சத்தம். பின் கண்ணாடி பொடிப்பொடியாகி சீட்டெல்லாம் கொட்டிக் கிடந்தது. முன் சீட்டில் என் மகள், பெல்ட் போட்டிருந்தாள். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்காவது அடிபட்டிருந்தால் இந்தக் கதையின் பாதி செல்லாது. அடிபட்ட இடத்தில் பேசி முடிக்கிற பேச்சே கூடாது. ஆஸ்பத்திரி, போலீஸ் இரண்டும்தான்.

கூட்டம் கூடுவதற்கு முன்னாலேயே ஒரு குரல், "லேடீஸ் ஓட்னா இப்பிடித்தான்" என்றது. நின்றுகொண்டிருந்த வண்டியை லேடீஸ் எப்படி ஓட்டி இடிபட முடியும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இடித்த காரிலிருந்து இறங்கியவர் அந்தக் குரலை அடக்கினார். "அவங்க மேல ஒண்ணும் இல்லப்பா. நான்தான் கவனிக்கல." ஐம்பது வயதைத் தாண்டியவர். பாகூர்ப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். வண்டி ஒன்பது வருஷத்துப் பழசு, பிஒய்-01 நம்பர். அதன் பானெட் கூரை மாதிரி மடிந்திருந்தது. நல்ல மனிதர்தான். அதை இப்போதும் சொல்வேன்.

"ஸ்டேஷன் கீஷன்னு போவ வேணாம்மா. வண்டி இல்லன்னா எனக்குப் பொழப்பு ஓடாது. ஒங்களுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குல்ல? அதுல போட்டுக்குங்க. அவங்க பிடிக்கிற காசை நான் குடுத்துடறேன். எவ்ளோ பிடிப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியும் என்பதுதான் பிரச்சினை. பாலிசி எடுக்கும்போது படித்திருந்தேன். 1500 சிசி வரையுள்ள கார்களுக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. என் வண்டி 1197 சிசி. "ஆயிரம்ணா" என்றேன். அவர் போனை எடுத்து 2,000 அனுப்பிவிட்டு, "வெச்சுக்குங்கம்மா, புள்ள வேற பயந்துடுச்சு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, அந்த இடத்தில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுத்தேன். இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி, ரோடு தெரிகிற மாதிரி, பஸ் நின்ற இடம் தெரிகிற மாதிரி. அவருடைய லைசென்ஸையும் ஆர்.சி.யையும் பாலிசியையும் கேட்டு வாங்கிப் படம் பிடித்தேன். இதெல்லாம் கேட்டால் சண்டைக்குப் போகிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சமாக இருந்தது. மகள்தான், "அம்மா, கேளும்மா" என்றாள். அவர் பாலிசியை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். தேர்ட் பார்ட்டி மட்டும். அதாவது அவருடைய பானெட்டுக்கு அவர் கைக்காசுதான்.

இங்கே ஒரு கேள்வி எல்லோரும் கேட்கிறார்கள். இடித்தவர் மேல் தப்பு என்றால் அவருடைய இன்சூரன்ஸ்தானே கட்ட வேண்டும்?

கட்ட வேண்டும்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று சொல்வது இந்த மூன்றாம் நபர் காப்பீட்டைத்தான். அவர் பாலிசியில் வருகிற அந்த மூன்றாம் நபர் நான். கார் பாலிசியில் மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை உண்டு, டூவீலரில் 1 லட்சம். சில பேர் பிரீமியம் குறைய வேண்டும் என்று அதை 6,000 ஆகச் சுருக்கிக்கொள்கிறார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆக, என் டிக்கிக்காக அவர் பாலிசியில் 7.5 லட்சம் வரை இடம் இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, "உங்காளு என் வண்டிய இடிச்சிட்டார், பணம் குடுங்க" என்றால் கிடைக்காது. போலீஸில் பதிவாக வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். அதையும் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்கிறது. பிறகு வாய்தா, சாட்சி, வக்கீல். உயிரோ கை காலோ போனவர்கள் வேறு வழியில்லாமல் நடக்கிற பாதை அது. நாற்பதாயிரம் ரூபாய் டிக்கிக்காக அதில் நடந்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

அதனால்தான் ஊரில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். என் வண்டிக்கு என் இன்சூரன்ஸ். இதில் தப்பு யார் மேல் என்ற கேள்வியே பெரிதாக வராது. நான் சுவரில் இடித்திருந்தாலும் இதே கணக்கு, சும்மா நின்றபோது இடிபட்டாலும் இதே கணக்கு. என் கம்பெனி எனக்குக் கொடுத்ததை எதிர்த் தரப்பிடம் வசூல் செய்யலாம் என்று காகிதத்தில் உரிமை உண்டு. ஆனால் கம்பெனிகளுக்குள் 'நாக் ஃபார் நாக்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. உன் வண்டியை நீ பார்த்துக்கொள், என் வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அதன் சாரம். என் விஷயத்தில் எதிரே இருந்தது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி. அப்படியிருந்தும் என் கம்பெனி அவர் பின்னால் போகவில்லை. போய் வாங்கியிருந்தாலும், அது அவர்கள் எனக்குக் கொடுத்த பணம்தான். என் கையிலிருந்து போனதை யாரிடம் கேட்பது என்பது என் பாடு.

ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் எஸ்டிமேட் போட்ட அட்வைசர், அந்த ஆயிரத்தை 'ஃபைல் சார்ஜ்' என்றே சொன்னார். "ஃபைல் சார்ஜ் ஆயிரம் மேடம், அப்புறம் கொஞ்சம் டிப்ரிசியேஷன் வரும்." அந்தக் கொஞ்சத்தை நான் காதில் வாங்கவே இல்லை. பிடித்தத்துக்கு ஃபைல் சார்ஜ் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால், அதைக் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது என்றுதான் தோன்றும்.

மொத்த பில் 41,120. அதை விரித்து எழுதுகிறேன். வேறு யாராவது இந்தத் தாளை எனக்கு முன்னமே காட்டியிருந்தால் நான் அந்த ரோட்டோரத்தில் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

பின் பம்பர் 3,800. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பிராக்கெட்டுகள் 700. வலது டெயில் லேம்ப் 3,100. இவையெல்லாம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி இவற்றுக்குத் தேய்மானம், அதாவது பழைய பாகம் என்று கழிக்கிற அந்த டிப்ரிசியேஷன், பாதிக்குப் பாதி. வண்டி வாங்கி ஒரே மாதம் ஆகியிருந்தாலும் பாதிதான். அங்கே 3,800 போயிற்று. டிக்கி கதவு 11,600. அது உலோகம். உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பார்க்கிறார்கள். முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, ஒரு வருஷம் வரை 5 சதவீதம், இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. என் வண்டிக்கு மூன்று வருஷம் நான்கு மாதம். நான்கு மாதத்துக்கு முன் இடித்திருந்தால் 15 சதவீதத்தோடு போயிருக்கும். இப்போது 25, அதாவது 2,900. பெயின்டிங் 9,600. அதில் கால் பங்கைப் பெயின்ட்டின் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிக்கிறார்கள், 1,200. கிளிப், ஸ்குரூ, சீலன்ட் வகையறா 620. அது கன்ஸ்யூமபிள்ஸ், பாலிசியில் வராது. டிங்கரிங் கூலியும் மாட்டுகிற கூலியும் சேர்ந்து 6,500, அதில் கழிவு இல்லை. பின் கண்ணாடி 5,200. கண்ணாடிக்கும் தேய்மானம் கிடையாது.

கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது என்பதை நான் தெரிந்துகொண்ட விதம் தனிக் கதை. சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புகிறவர்தான் சர்வேயர். முதலில் என் போனுக்கு வந்த அவருடைய கணக்கில் என் பங்கு 12,120 என்று இருந்தது. ஒரு நாள் முழுக்க வயிற்றைக் கலக்கியது. தாளைப் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்தால், கண்ணாடியையும் பிளாஸ்டிக் கணக்கில் சேர்த்து 2,600 கழித்திருந்தார்கள். பாலிசிப் புத்தகத்தில் கண்ணாடிக்கு 'நில்' என்று அச்சடித்தே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மெயில் அனுப்பினேன். மறுநாள் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் நான் பார்க்காமல் விட்டிருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். திருத்தியிருக்காவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, முப்பது நாள் பார்த்துவிட்டு, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். அதே புதுச்சேரியின் மாஹேக்குக் கொச்சி, யானமுக்கு ஹைதராபாத். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன துண்டு துண்டான நிலம் இன்சூரன்ஸ் புகாரில்கூடத் தொடர்கிறது.

சர்வேயர் வண்டி பார்க்க வந்த அன்று இன்னொன்றும் நடந்தது. டிக்கி கதவை மாற்ற வேண்டாம், டிங்கரிங் செய்தாலே போதும் என்றார் அவர். அட்வைசர் மாற்றியே ஆக வேண்டும் என்றார். நான் அட்வைசர் பக்கம் சேர்ந்துகொண்டு வாதாடினேன். புதுக் கதவு கிடைத்தால் நல்லதுதானே, கம்பெனி காசுதானே என்ற எண்ணம். கடைசியில் ஜெயித்தோம். அந்த ஜெயிப்பில் என் பங்கு 2,900 ரூபாய் என்பது சர்வேயரின் கணக்கு வந்தபோதுதான் தெரிந்தது. தட்டி எடுத்திருந்தால் அது கூலிக் கணக்கில் போயிருக்கும், கூலிக்குத் தேய்மானம் கிடையாது. கதவு நிஜமாகவே மடிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். என் கதவு எந்த ரகம் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

ஆக, 3,800 கூட்டல் 2,900 கூட்டல் 1,200 கூட்டல் 620. அதன் தலையில் அந்தப் புகழ்பெற்ற ஆயிரம். மொத்தம் 9,520. கம்பெனி கட்டியது 31,600. கம்பெனியே பில்லை நேராகக் கட்டிவிடும் என்கிற அந்தக் கேஷ்லெஸ் என்ற சொல்லை நம்பி, ஆயிரம் ரூபாயோடு வண்டியை எடுத்துவிடலாம் என்று இருந்தவள் நான். வீட்டுக்காரருக்குப் போன் செய்து பணம் அனுப்பச் சொன்னேன்.

தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கிற 'பம்பர் டு பம்பர்' காப்பை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். போட்டிருந்தேன், மூன்று வருஷமும். புது வண்டிக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டிப் பணத்தை ஷோரூமிலேயே மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். அதனால் இரண்டாம், மூன்றாம் வருஷம் புதுப்பிக்கும்போது தொகை சின்னதாகத் தெரியும். நான்காம் வருஷம் அது திரும்ப வந்து உட்காரும். என் சிசிக்கு 3,416, அதோடு ஜி.எஸ்.டி. தொகையைப் பார்த்து மலைத்துப்போய், எதைக் குறைக்கலாம் என்று தேடினேன். பம்பர் டு பம்பர் கண்ணில் பட்டது. டிக்கை எடுத்தேன். நான்கே மாதத்தில் இடி. 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் புது வண்டிகளுக்கு ஐந்து வருஷம் பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று ஓர் உத்தரவு போட்டு, அடுத்த மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டது. பேப்பரில் படித்தது பாதி நினைவில் இருந்து, அது எப்படியும் எல்லாப் பாலிசியிலும் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆட்களை இப்போதும் பார்க்கிறேன். அது தனியாகப் பணம் கட்டினால்தான் உண்டு. அது இருந்தாலும் கட்டாயப் பிடித்தம் போகாது. கன்ஸ்யூமபிள்ஸுக்குத் தனி டிக்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்த செலவு. தெரியாத ஒன்று இருந்தது. மூன்று வருஷம் க்ளைம் இல்லாமல் ஓட்டியதற்கு, வண்டிச் சேதப் பிரீமியத்தில் எனக்கு 35 சதவீதம் கழிவு, அதாவது நோ க்ளைம் போனஸ், இருந்தது. அடுத்த வருஷம் 45, அதற்கடுத்து 50 ஆகியிருக்கும். ஒரே ஒரு க்ளைம், பூஜ்யம். இடித்தது யாராக இருந்தாலும் பூஜ்யம். இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. என் வண்டிச் சேதப் பிரீமியம் கழிவுக்கு முன் சுமார் 8,000. 45 சதவீதம் போனால் 3,600, ஜி.எஸ்.டி. சேர்த்து 4,248 அடுத்த வருஷம் மட்டும் கூடுதல். பிறகு நான் 20, 25, 35, 45 என்று மறுபடி படியேற வேண்டும். இடிபடாமலிருந்தால் அந்த வருஷமெல்லாம் 50-ல் உட்கார்ந்திருப்பேன். ஐந்து வருஷ வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவீதம், 8,000-க்கு 9,600. வண்டியின் மதிப்பு வருஷா வருஷம் இறங்குவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் அந்த ஆயிரத்தைப் போலப் பல மடங்கு. அவர் பாலிசியிலிருந்து தேர்ட் பார்ட்டியாக வாங்கியிருந்தால் என் போனஸ் அப்படியே இருந்திருக்கும் என்பது வேறு.

அதற்காக க்ளைம் போட்டது தப்பு என்று சொல்லவில்லை. 41,120-ஐக் கையிலிருந்து கொடுப்பதைவிட இது மேல். ஆனால் இதற்கு முந்தைய வருஷம் வீட்டு கேட்டில் உரசி 6,800 ரூபாய் எஸ்டிமேட் வந்தபோது, என்னவோ சோம்பலில் க்ளைம் போடாமல் விட்டேன். அது தற்செயலாக எடுத்த நல்ல முடிவு. ஏழாயிரத்துக்கு க்ளைம் போட்டு, அப்போது பம்பர் டு பம்பர் இருந்தும் பிடித்தம் போக ஆறாயிரத்துக்கும் குறைவாக வாங்கி, போனஸில் அதைவிட அதிகம் தொலைத்திருப்பேன். அந்தக் கேட் கீறலையும் "இதோட சேத்துப் போட்டுடலாம் மேடம்" என்று அட்வைசர் இந்த முறை ஆசை காட்டினார். வேண்டாம் என்றேன். நேர்மை பாதி, பயம் பாதி. வெவ்வேறு நாள் பட்ட அடி என்றால் அது வெவ்வேறு க்ளைம், தனித்தனிப் பிடித்தம். கீறலில் துரு ஏறியிருந்தது. சர்வேயருக்கு அது தெரியாதா என்ன?

க்ளைம் ஃபாரத்திலும் இப்படி ஒரு யோசனை சொன்னார்கள். எதிர் வண்டியை எழுதாதீர்கள், தூணில் இடித்ததாக எழுதினால் சீக்கிரம் முடியும் என்று. பின்பக்கம் மொத்தமும் போன வண்டி, ரிவர்ஸில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தூணில் இடித்ததா? நடந்ததை அப்படியே எழுதினேன். அவருடைய வண்டி எண்ணையும் எழுதினேன். அடிதடி இல்லை, யாருக்கும் காயமில்லை என்பதால் எஃப்.ஐ.ஆர். கேட்கவில்லை.

அப்புறம் அவரைக் கூப்பிட்டேன். பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பி, 9,520 ஆகிவிட்டது அண்ணா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆயிரம்னுதானேம்மா சொன்னீங்க? நான் ரெண்டாயிரம் குடுத்தேனே."

அதற்கு என்ன பதில் சொல்வது? நான்தானே சொன்னேன். அவர் மேல் கோபப்பட வழியில்லாதபடி அந்த ஆயிரம் என் வாயிலிருந்துதான் வந்தது. அவருடைய பானெட்டுக்கும் ரேடியேட்டருக்கும் பதினாலாயிரம் ஆயிற்றாம். இரண்டு முறை பேசினோம். மூன்றாவது முறை அவரே கூப்பிட்டு, 2,500 அனுப்பினார். "இதுக்கு மேல முடியலம்மா, தப்பா நெனைக்காதீங்க." மீதி 5,020. விட்டுவிட்டேன்.

எங்கள் கல்லூரிக்கு வருகிற ஒரு வக்கீலிடம் இதைக் கேட்டேன். இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதியைத் தீர்ப்பாயத்தில் கேட்க வழி உண்டு என்றார். சிரித்துக்கொண்டே, என் ஃபீஸ் அதைவிட ஜாஸ்தி என்றும் சொன்னார். அவர் சொன்னதில் இரண்டு விஷயங்களை நான் குறித்துவைத்திருக்கிறேன். ஒன்று, ரோட்டோரத்தில் 'இதோடு சரி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக் கூடாது. நம் கம்பெனிக்கு எதிராளியிடம் இருக்கும் உரிமையை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாம் இடித்தவராக இருந்தாலும் கம்பெனியைக் கேட்காமல் பணம் தருவதாக ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. இன்னொன்று, கம்பெனி கொடுத்த 31,600-ஐ அவரிடமும் வாங்கக் கூடாது. கம்பெனி தராத பகுதியை மட்டும் கேட்கலாம். ஒரே டிக்கிக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்குவது ஏமாற்று.

அவர் முதலில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, "மீதி எவ்வளவுன்னு பில் வந்தப்புறம் சொல்றேண்ணா" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அந்த இடத்திலேயே போட்டிருந்தால் போதும். அவர் ஒத்துக்கொள்கிற மனநிலையில் இருந்தது அந்த ஒரு அரை மணி நேரம்தான். எனக்கும் அப்போது கண் கலங்கிக்கொண்டிருந்தது.

புதுப்பிக்கிற நாள் வந்தது. போனஸ் கட்டத்தில் பூஜ்யம். பம்பர் டு பம்பர், கன்ஸ்யூமபிள்ஸ் இரண்டையும் போட்டேன். ஏஜென்ட், தானாக ஏற்றுக்கொள்ளும் பிடித்தத்தை 5,000 என்று வைத்தால் கழிவு கிடைக்கும் என்றார். அந்தக் கழிவுக்கு 1,500 ரூபாய் உச்சவரம்பு. இடிபட்டால் அந்த 5,000, கட்டாய 1,000-க்கு மேல் சேரும். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஆன்லைனில் புதுப்பிக்கும்போது தெரியாமல் அதை டிக் செய்துவிட்டு, க்ளைமில் 6,000 போனபோது கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்றேன்.

போன மாதம் தம்பி போன் செய்தான். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் ரிவர்ஸ் எடுக்கும்போது நின்றுகொண்டிருந்த ஒரு காரின் பம்பரைக் கிழித்துவிட்டானாம். அந்தக் கார்க்கார அம்மா நல்ல மாதிரியாம். சத்தம் போடவில்லையாம்.

"ஃபைல் சார்ஜ் ஆயிரம் குடுத்தா போதும்னு சொல்றாங்கக்கா. குடுத்துட்டுக் கெளம்பிடவா?"

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். "அவங்க பாலிசியில பம்பர் டு பம்பர் இருக்கான்னு கேளு" என்றேன்.

"அதை நான் எதுக்குக்கா கேக்கணும்?"

"கேளுடா."

கேட்டான். இல்லையாம். பம்பர் விலையில் பாதி, பெயின்ட்டில் கழிவது, ஆயிரம், போனஸ் 20 சதவீதம் போவது என்று போனிலேயே கணக்குச் சொன்னேன். 4,000 கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.